ரெய்டு லெவல்: கொள்ளளவுக் கணக்கில் தெரியாத விஷயங்கள்

பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்து ஒரே டிஸ்க்போலப் பயன்படுத்தும் முறைதான் ரெய்டு; எப்படிச் சேர்ப்பது என்பதைச் சொல்வது லெவல். 4 டெராபைட் டிஸ்க் எட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெய்டு 0 போட்டால் 32 டெராபைட் கிடைக்கும். ரெய்டு 5 என்றால் 28, ரெய்டு 6 என்றால் 24, ரெய்டு 10 என்றால் 16. பல இடங்களில் இந்த ஒரு வரியைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். 16-ஐப் பார்த்ததும் பாதி வீணாகிறதே என்று மனம் பதறும். 28-ஐப் பார்த்ததும், ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும், இதுவே போதும் என்று தோன்றும்.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் வராது. சின்னச் சின்னதாக எழுதும் வேலை வந்து குவியும்போது தொகுப்பு என்ன வேகத்தில் ஓடும் என்பது ஒன்று. ஒரு டிஸ்க் செத்து, புதியது போட்டு, அது முழுதாக நிரம்பும் வரையிலான மணிநேரங்களைத் தொகுப்பு எப்படிக் கடக்கும் என்பது இன்னொன்று. லெவலைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டையும் வைத்துத்தான். எல்லா டிஸ்க்கும் நலமாக இருக்கும் நாளில் எந்த லெவலும் நல்ல லெவல்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்: எண் பெரிதானால் தரம் கூடியது என்று பொருளில்லை. 1988இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் 1 முதல் 5 வரை ஐந்து ஏற்பாடுகள் வரிசையிடப்பட்டன. 0, 6 இரண்டும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. 2, 3 இரண்டையும் இன்று யாரும் புதிதாகப் போடுவதில்லை. பேரிட்டிக்கென்று (விளக்கம் கீழே) தனி டிஸ்க் ஒதுக்கும் ரெய்டு 4 நெட்ஆப் போன்ற சில சேமிப்புக் கருவிகளில் மட்டும் நீண்ட காலம் ஓடியது. நடைமுறையில் எஞ்சுவது 0, 1, 5, 6, 10 ஆகியவையும், அவற்றை அடுக்கிக் கட்டும் 50, 60 போன்றவையும்தான்.

பேரிட்டி எப்படி வேலை செய்கிறது

எல்லா லெவலும் மூன்று உத்திகளின் கலவை. தரவைத் துண்டு போட்டுப் பல டிஸ்க்குகளில் பரப்புவது ஸ்ட்ரைப்பிங். ஒரே தரவை இரண்டு இடத்தில் வைப்பது மிர்ரர். தொலைந்ததைத் திரும்பக் கணக்கிட்டு எடுக்க உதவும் கூடுதல் எண்ணை எழுதி வைப்பது பேரிட்டி. முதல் இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை: ஸ்ட்ரைப்பிங் மட்டும் என்றால் ரெய்டு 0, மிர்ரர் மட்டும் என்றால் ரெய்டு 1, மிர்ரர் ஜோடிகளின் மேல் ஸ்ட்ரைப்பிங் என்றால் ரெய்டு 10. மூன்றாவதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரெய்டு 5, 6 இரண்டின் நல்லதும் கெட்டதும் அதிலிருந்துதான் வருகின்றன.

மூன்று தரவு டிஸ்க்குகளில் ஒரே இடத்தில் 1011, 0110, 1100 என்ற பிட்டுகள் இருக்கின்றன. எக்ஸ்ஓஆர் கணக்குப்படி, ஒவ்வொரு நிலையிலும் 1கள் ஒற்றைப்படையாக இருந்தால் 1, இரட்டைப்படையாக இருந்தால் 0. அப்படிப் போட்டால் பேரிட்டி 0001. இப்போது இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது. எஞ்சிய 1011, 1100, 0001 மூன்றையும் அதே முறையில் சேர்த்தால் 0110 கிடைக்கிறது. தொலைந்த தரவு அதுதான். எத்தனை டிஸ்க் இருந்தாலும் கணக்கு இதுதான், கூடுதலாக ஒரே ஒரு டிஸ்க் அளவு இடம் போதும். ரெய்டு 5-இல் இந்தப் பேரிட்டி ஒரே டிஸ்க்கில் குவியாமல் ஒவ்வொரு ஸ்ட்ரைப்புக்கும் (எல்லா டிஸ்க்கிலும் ஒரே வரிசையில் வரும் துண்டுகளுக்கு இந்தப் பெயர்) இடம் மாறி எல்லா டிஸ்க்கிலும் பரவியிருக்கும். ரெய்டு 6 இதோடு இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பு எண்ணையும் வைக்கிறது. அது பெரும்பாலும் ரீட்-சாலமன் வகைக் கணக்கு. வெறும் எக்ஸ்ஓஆரை இரண்டு முறை போட்டு அதைப் பெற முடியாது. எந்த இரண்டு டிஸ்க் போனாலும் மீட்க அது உதவும்.

இதில் ஒளிந்திருக்கும் நிபந்தனை ஒன்று உண்டு. தொலைந்த ஒரு துண்டை மீட்க, மற்ற எல்லா டிஸ்க்கிலும் அதே ஸ்ட்ரைப்பின் துண்டு பிழையில்லாமல் கிடைக்க வேண்டும். மிர்ரரில் ஜோடி டிஸ்க் ஒன்று மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். இந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருவோம்.

ஒரு பக்கத்தைத் திருத்த நான்கு வேலை

டேட்டாபேஸ் ஒன்று 8 கிலோபைட் பக்கம் ஒன்றைத் திருத்தி எழுதச் சொல்கிறது. ரெய்டு 10-இல் அது இரண்டு டிஸ்க்கில் எழுதப்படும், வேலை முடிந்தது. ரெய்டு 5-இல் அந்த 8 கிலோபைட்டை மட்டும் எழுதிவிட்டு ஒதுங்க முடியாது, பேரிட்டி பழசாகிவிடும். எனவே பழைய தரவைப் படிக்க வேண்டும். பழைய பேரிட்டியைப் படிக்க வேண்டும். பழைய தரவு, புதிய தரவு, பழைய பேரிட்டி மூன்றையும் எக்ஸ்ஓஆர் செய்து புதிய பேரிட்டியைப் பெற வேண்டும். பிறகு புதிய தரவையும் புதிய பேரிட்டியையும் எழுத வேண்டும். மொத்தம் நான்கு டிஸ்க் வேலைகள். ரெய்டு 6-இல் சரிபார்ப்பு எண் இரண்டு என்பதால் மூன்று படிப்பு, மூன்று எழுத்து என்று ஆறாகிறது.

எக்ஸ்ஓஆர் கணக்கு சிபியுவைத் தின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சுழலும் டிஸ்க்குகளைப் பொறுத்தவரை இன்றைய எந்த சிபியுவுக்கும் அது பெரிய வேலையே இல்லை. நேரம் போவது டிஸ்க்கின் சுழற்சியில். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். பழைய தரவைப் படித்து முடிக்கும் நேரத்தில் அந்த செக்டர் ஹெட்டைத் தாண்டிப் போயிருக்கும். அதே இடத்தில் எழுத, அது முழுச் சுற்று சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும்.

எண்களில் போட்டுப் பார்க்கலாம். 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் ஹெட் நகர சராசரியாக 8.5 மில்லிசெகண்ட், அரைச் சுற்றுக் காத்திருப்பு 4.2 மில்லிசெகண்ட் என்றால், நொடிக்கு ஏறத்தாழ 80 ரேண்டம் வேலைகள்தான், அதாவது அங்கங்கே சிதறிய படிப்பும் எழுத்தும்தான், நடக்கும். எட்டு டிஸ்க்குக்கு 640. 70 சதவீதம் படிப்பு, 30 சதவீதம் எழுத்து என்ற கலவையில், ரெய்டு 10-க்கு ஒரு கோரிக்கையின் சராசரிச் செலவு 0.7 கூட்டல் 0.3 பெருக்கல் 2, அதாவது 1.3. 640-ஐ 1.3-ஆல் வகுத்தால் நொடிக்கு 492 கோரிக்கைகள். ரெய்டு 5-க்கு 1.9-ஆல் வகுக்க 337. ரெய்டு 6-க்கு 2.5-ஆல் வகுக்க 256. அதே எட்டு டிஸ்க், அதே வேலை, ஆனால் ரெய்டு 6 ஏறக்குறைய பாதி வேகத்தில் ஓடுகிறது. எழுத்தின் பங்கு கூடக் கூட இடைவெளி இன்னும் விரியும். முழுக்க எழுத்து என்றால் 320, 160, 107 என்று ஆகிவிடும்.

உங்கள் கலவை என்ன என்பதை ஊகிக்கத் தேவையில்லை. லினக்ஸில் ஐஓஸ்டாட் கருவியை விரிவான வடிவில் ஓடவிட்டு, வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நொடிக்கு எத்தனை படிப்பு, எத்தனை எழுத்து, ஒரு கோரிக்கையின் சராசரி அளவு என்ன என்ற மூன்றையும் குறித்துக்கொண்டால் போதும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சராசரி அளவு 8, 16 கிலோபைட்டில் இருந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். அது மெகாபைட்டுகளில் இருந்தால் கதையே வேறு.

ஸ்ட்ரைப் முழுதாக எழுதப்படும்போது

பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாக எழுதும்போது ரெய்டு 5, 6 இரண்டும் வேகமானவை. ஒரு ஸ்ட்ரைப்பில் உள்ள எல்லாத் தரவுத் துண்டுகளும் புதிதாக வந்துவிட்டால் பழையதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. இருப்பதை வைத்துப் பேரிட்டியைக் கணக்கிட்டு எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதிவிடலாம். எட்டு டிஸ்க் ரெய்டு 6 அப்போது ஆறு டிஸ்க்கின் வேகத்தில் எழுதும். எட்டு டிஸ்க் ரெய்டு 10 நான்கு டிஸ்க்கின் வேகத்தில்தான் எழுதும். வீடியோப் பதிவு, பேக்கப் கிடங்கு போன்ற இடங்களில் ரெய்டு 10-ஐவிட ரெய்டு 6 முந்துவது இதனால்தான்.

இங்கேதான் சங்க் அளவு, அதாவது ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதிவிட்டு அடுத்த டிஸ்க்குக்குத் தாவும் முன் எவ்வளவு என்பது, முக்கியமாகிறது. லினக்ஸின் சொந்த மென்பொருள் ரெய்டான எம்டியில் இது வழக்கமாக 512 கிலோபைட். எட்டு டிஸ்க் ரெய்டு 6-இல் தரவுக்கு ஆறு டிஸ்க் என்பதால் முழு ஸ்ட்ரைப் 3 மெகாபைட். அதற்குக் குறைவாக எழுதினால் படித்து, திருத்தி, எழுதும் சுற்று வந்துவிடும். சங்க்கைக் குறைத்தால் முழு ஸ்ட்ரைப் எளிதில் நிரம்பும், ஆனால் ஒரு நடுத்தரக் கோப்பைப் படிக்கவே பல டிஸ்க்குகளின் ஹெட்டுகள் நகர வேண்டியிருக்கும். பல பேர் ஒரே நேரத்தில் ரேண்டமாகப் படிக்கும் இடத்தில் அது நஷ்டம்.

ஃபைல் சிஸ்டத்துக்கும் இந்த அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். இஎக்ஸ்டி4-இல் 4 கிலோபைட் பிளாக் என்றால் ஸ்ட்ரைட் (ஒரு சங்க்கில் எத்தனை பிளாக் என்பது) 128, மேலே சொன்ன தொகுப்புக்கு ஸ்ட்ரைப் அகலம் 768. எம்டி ரெய்டின் மேல் நேரடியாக ஃபார்மேட் செய்தால் கருவி தானாகவே இதைக் கண்டுபிடித்துவிடும். ரெய்டைத் தானே நடத்தும் தனி அட்டையான ஹார்டுவேர் கன்ட்ரோலர் பல நேரம் தன் உள்ளமைப்பைச் சொல்லாது. வர்ச்சுவல் மெஷினுக்கு அது தெரியவே தெரியாது. அங்கெல்லாம் கையால் கொடுக்க வேண்டும். பார்ட்டிஷன் ஆரம்பம் ஸ்ட்ரைப் எல்லையோடு ஒட்டாமல் தள்ளிப் போனால், ஒரே ஸ்ட்ரைப்பில் முடிந்திருக்க வேண்டிய எழுத்து இரண்டு ஸ்ட்ரைப்பைத் தொடும். வேலை இரட்டிக்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

கேஷும் அதன் பேட்டரியும்

ஹார்டுவேர் கன்ட்ரோலரில் ரெய்டு 5 நன்றாக ஓடுகிறதே என்பவர்களுக்கு விடை பெரும்பாலும் ரைட்-பேக் கேஷில் இருக்கிறது. எழுத வந்ததைக் கன்ட்ரோலர் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு உடனே ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிடுகிறது. பிறகு அக்கம்பக்கத்துத் துண்டுகளைச் சேர்த்து, முடிந்தால் முழு ஸ்ட்ரைப்பாக எழுதுகிறது. மின்சாரம் போனால் அந்த நினைவகத்தைக் காப்பாற்ற பேட்டரி அல்லது சூப்பர் கெபாசிட்டர் இருக்கும்.

பேட்டரி பழசாகித் தோற்றால் கன்ட்ரோலர், சரியாகவே, டிஸ்க்கில் எழுதிய பிறகே முடிந்தது என்று சொல்லும் ரைட்-த்ரூ முறைக்கு மாறிவிடும். அன்றுதான் ரெய்டு 5-இன் நிஜ வேகம் வெளியே வரும். டிஸ்க் எல்லாம் பச்சை விளக்கு, பிழை எதுவும் இல்லை, ஆனால் டேட்டாபேஸ் தவழ்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கேஷ் கொள்கை இப்போது என்னவாக இருக்கிறது என்பதைத்தான். சில பேட்டரிகள் குறிப்பிட்ட இடைவெளியில் தம்மைத் தாமே முழுதாக இறக்கி ஏற்றிப் பார்க்கும். அந்தச் சில மணிநேரமும் இதே மந்தம் வரலாம். பேட்டரி இல்லாமலேயே ரைட்-பேக்கைக் கட்டாயமாக இயக்கும் தெரிவு மெனுவில் இருக்கும். வேகம் உடனே திரும்பும், அடுத்த மின்வெட்டில் கேஷில் இருந்தது அனைத்தும் போகும். யுபிஎஸ் இருந்தாலும் சர்வரின் பவர் சப்ளை எரிந்தால் இதே கதிதான்.

ரீபில்ட் நேரம்

ஒரு டிஸ்க் போகிறது. ரெய்டு 5 தொகுப்பு நின்றுவிடாது, ஆனால் ஒவ்வொரு வாசிப்புக்கும் விலை ஏறிவிடும். எட்டு டிஸ்க் தொகுப்பில் எட்டில் ஒரு பங்குக் கோரிக்கைகள் செத்த டிஸ்க்கைத் தேடி வருபவை. அந்த ஒவ்வொன்றுக்கும் எஞ்சிய ஏழு டிஸ்க்கையும் படித்துக் கணக்கிட வேண்டும். சராசரியாக ஒரு படிப்புக்கு 1.75 டிஸ்க் வேலை, செய்ய இருப்பதோ ஏழு டிஸ்க். 640 ஆக இருந்த படிப்பு வேகம் 320-க்கு இறங்கிவிடும். ரீபில்ட், அதாவது புதிய டிஸ்க்கில் தரவை நிரப்பும் வேலை, தொடங்கியதும் அதிலிருந்தும் ஒரு பங்கு போகும்.

ரெய்டு 10-இல் செத்ததன் ஜோடி டிஸ்க் மட்டும் இரட்டைச் சுமை தாங்கும். அந்த நான்கில் ஒரு பங்குத் தரவைக் கேட்பவர்களுக்குத் தாமதம், மற்ற மூன்று ஜோடிகளும் வழக்கம்போல் ஓடும். ரீபில்டுக்கும் அந்த ஒரே டிஸ்க்கைப் படித்துப் புதியதில் எழுதினால் போதும்.

நேரம் எவ்வளவு ஆகும்? 16 டெராபைட் டிஸ்க்கை நொடிக்குச் சராசரி 200 மெகாபைட் வேகத்தில் எழுத 80,000 நொடி, அதாவது 22 மணிநேரத்துக்குச் சற்று மேல். வேறு எந்த வேலையும் இல்லாத தொகுப்புக்கு இது. பயனர்களின் வேலையும் கூடவே ஓடினால் பல நாட்கள் இழுப்பது சாதாரணம். டிஸ்க்கின் கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு அதன் வேகம் வளரவில்லை. ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் இந்த ஆபத்துக் காலம் நீண்டுகொண்டே போகிறது. லினக்ஸ் எம்டியில் ரீபில்ட் வேகத்துக்குக் கீழ் வரம்பு ஒன்று உண்டு. வழக்கமான மதிப்பு நொடிக்கு 1,000 கிலோபைட். மற்ற வேலை மும்முரமாக இருந்தால் ரீபில்ட் இந்த வரம்பை நோக்கி இறங்கிவிடும். அந்த வேகத்தில் 16 டெராபைட் முடிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், டிஸ்க் மாற்றியவுடன் இதை 50,000 அளவுக்காவது உயர்த்தி, பயனர்கள் கொஞ்சம் முணுமுணுத்தாலும் விட்டுவிடுவது நல்லது.

இந்த மணிநேரங்களில் என்ன தவறலாம்? இரண்டாவது டிஸ்க் போகலாம். ரெய்டு 5-இல் எஞ்சிய ஏழில் எது போனாலும் எல்லாம் முடிந்தது. ரெய்டு 10-இல் அந்த ஏழில் ஒன்றே ஒன்று, செத்ததன் ஜோடி, போனால்தான் நஷ்டம். ரெய்டு 6-இல் எது போனாலும் தாங்கும். (ரெய்டு 0+1 என்று தலைகீழாக, ஸ்ட்ரைப் செய்த இரண்டு பக்கங்களை மிர்ரராகக் கட்டினால், ஒரு டிஸ்க் போனதுமே அந்தப் பக்கம் முழுதும் முடங்கும், மறுபக்கத்து நான்கில் எது போனாலும் கதை முடிந்தது. பெயர் ஒரேபோல இருப்பதால் பலர் இதை 10 என்றே எண்ணி ஏமாறுகிறார்கள்.)

முழு டிஸ்க் சாகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. படிக்க முடியாத ஒரே ஒரு செக்டர் போதும். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் 10-இன் 14ஆம் அடுக்கு, அதாவது ஒரு கோடி கோடி பிட்டுக்கு ஒன்றுக்கு மேல் படிக்க முடியாத பிழை வராது என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டெராபைட். நம் எட்டு டிஸ்க் ரெய்டு 5-ஐ ரீபில்ட் செய்ய ஏழு டிஸ்க்கையும் முழுதாக, 28 டெராபைட் படிக்க வேண்டும். அந்த வரம்பை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டுக்கு மேல் பிழைகளை எதிர்பார்க்க வேண்டும். 10-இன் 15ஆம் அடுக்கு என்று குறிக்கப்பட்ட டிஸ்க்குகளில் ஒரு பிழையாவது வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இந்த எண்ணை வைத்து ரெய்டு 5 செத்துவிட்டது என்று அறிவிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அது உற்பத்தியாளர் ஏற்கும் உச்ச வரம்பு, சராசரி அல்ல. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, பிழைகளும் பரவலாக வராமல் சில டிஸ்க்குகளில் குவிகின்றன. ஆனாலும் பிழை வந்தால் ரெய்டு 5-இல் அதைச் சரிசெய்ய எதுவும் மிச்சமில்லை. சில கன்ட்ரோலர்கள் ரீபில்டையே நிறுத்திவிடும், சில அந்த ஸ்ட்ரைப்பை மட்டும் சேதமானது என்று குறித்துக்கொண்டு மேலே போகும். ரெய்டு 6 இன்னொரு சரிபார்ப்பு எண்ணை வைத்து அதை அமைதியாக மீட்டுவிடும். என் பார்வையில் ரெய்டு 6-இன் பெரிய பயனே இதுதான். இரண்டு டிஸ்க் ஒரே வாரத்தில் சாவதைவிட, ஒன்று செத்தபின் இன்னொன்றில் மோசமான செக்டர் தென்படுவதுதான் அடிக்கடி நடப்பது.

ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத கோப்புகளின் அடியில் மோசமான செக்டர் இருந்தால் அது ரீபில்ட் அன்றுதான் தெரியவரும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க, எல்லா டிஸ்க்கையும் முழுதாகப் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட வேண்டும். டெபியனில் எம்டி ரெய்டுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இது தானாக ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். கன்ட்ரோலர்களில் பேட்ரோல் ரீட், கன்சிஸ்டன்சி செக் என்ற பெயர்களில் இருக்கும். வேகம் குறைகிறது என்று இதை நிறுத்தி வைத்துவிட்டு, டிஸ்க் செத்ததும் தானாக இடம்பிடிக்கக் காத்திருக்கும் ஹாட் ஸ்பேரை நம்புவதில் பொருளில்லை. ஹாட் ஸ்பேர் பற்றியே ஒரு வார்த்தை: எட்டு டிஸ்க்கில் ஏழை ரெய்டு 5 ஆக்கி ஒன்றை ஸ்பேராக வைப்பதும், எட்டையும் ரெய்டு 6 ஆக்குவதும் ஒரே கொள்ளளவுதான், 24 டெராபைட். முதலாவதில் அந்த எட்டாவது டிஸ்க் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். தேவைப்படும்போதுதான் அது படிக்குமா எழுதுமா என்பதே தெரியும். சின்ன எழுத்தின் கூடுதல் செலவைத் தாங்க முடியும் என்றால் ரெய்டு 6-ஐ விட்டு அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

டிஸ்க்குகள் தனித்தனியாகச் சாவதில்லை

எல்லா நிகழ்தகவுக் கணக்குகளும் ஒரு டிஸ்க் சாவதற்கும் இன்னொன்று சாவதற்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்கின்றன. ஒரே பேட்ச், ஒரே பெட்டி, ஒரே சூடு, ஒரே அதிர்வு, ஒரே மணிநேர ஓட்டம் என்று இருக்கும் டிஸ்க்குகளுக்கு அது பொருந்தாது. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகளுக்கு அவசர ஃபர்ம்வேர் வெளியிட்டது. அவை சரியாக 32,768 மணிநேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணிநேரம் ஓடியதும் செத்துவிடும், தரவை மீட்க முடியாது என்பது காரணம். ஒரே நாளில் இயக்கப்பட்ட தொகுப்பில் அவை எல்லாமே ஏறத்தாழ ஒரே நேரத்தில் போயிருக்கும். அங்கே ரெய்டு 6 என்ன, மூன்று பேரிட்டி வைத்திருந்தாலும் பயனில்லை. வெவ்வேறு பேட்ச் டிஸ்க்குகளைக் கலந்து போடுவதும், ஃபர்ம்வேர் அறிவிப்புகளைப் படிப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தனிப் பேக்கப் வைத்திருப்பதும்தான் வழி.

நல்ல டிஸ்க்கே தொகுப்பிலிருந்து வெளியேற்றப்படுவதும் உண்டு. மேசைக் கணினிக்கான டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால், இதற்கு வேறு பிரதி கிடையாது என்ற எண்ணத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேல் திரும்பத் திரும்ப முயலும். கன்ட்ரோலர் சில நொடிதான் பொறுக்கும், பதில் இல்லை என்றால் டிஸ்க் செத்தது என்று முடிவு கட்டி வெளியே தள்ளிவிடும். லினக்ஸ் 30 நொடி பொறுக்கும். ரெய்டுக்கான டிஸ்க்குகள் சுமார் 7 நொடியில் கைவிட்டு, படிக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். அந்தத் துண்டைத் தொகுப்பு பேரிட்டியிலிருந்து எடுத்துத் திருப்பி எழுதிக்கொள்ளும். ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடி இஆர்சி என்ற இந்தக் கால வரம்பைப் பார்த்து, இடம் கொடுத்தால் படிப்புக்கும் எழுத்துக்கும் 70 என்று வைக்கலாம். அலகு நொடியில் பத்தில் ஒன்று. பல டிஸ்க்குகள் மின்சாரம் போய் வந்ததும் இதை மறந்துவிடும், எனவே ஒவ்வொரு பூட்டிலும் ஓடும்படி வைக்க வேண்டும். அந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் லினக்ஸின் காத்திருப்பை 180 நொடியாக உயர்த்துவதுதான் மாற்று.

எஸ்எம்ஆர் டிஸ்க்குகளிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் இவை, ரீபில்டின் நீண்ட எழுத்தில் தம் கேஷ் பகுதி நிரம்பியதும் மிக மந்தமாகிவிடும், சில நேரம் பதிலே சொல்லாமல் நின்று தொகுப்பிலிருந்து விழும். நாஸ் கருவிகளுக்கென்றே விற்கப்பட்ட சில மாடல்களும் இந்த வகை என்பது 2020இல்தான் வெளிப்பட்டது. வாங்கும் முன், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் எழுதும் சிஎம்ஆர் வகை என்று விவரத்தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரைட் ஹோல்

ஸ்ட்ரைப்பில் புதிய தரவு எழுதப்பட்டுவிட்டது, பேரிட்டி எழுதப்படும் முன் மின்சாரம் போய்விட்டது. இப்போது அந்த ஸ்ட்ரைப்பில் பேரிட்டி பழசு. எதுவும் கெட்டதாகத் தெரியாது, ஏனெனில் சாதாரணப் படிப்பில் பேரிட்டியை யாரும் பார்ப்பதில்லை. பிறகு ஒரு டிஸ்க் போகும்போது அந்தப் பழைய பேரிட்டியை வைத்து மீட்டால் தவறான தரவு வரும். அதுவும் அன்று எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பில் அல்ல. அதே ஸ்ட்ரைப்பில், செத்த டிஸ்க்கில் இருந்த, யாரும் தொடாத வேறொரு கோப்பில்.

பேட்டரி கேஷ் உள்ள கன்ட்ரோலர் பாதி எழுதியதை நினைவில் வைத்து முடித்துவிடும். லினக்ஸ் எம்டியில் தனி ஜர்னல் டிஸ்க் வைக்கலாம். ரெய்டு 5-க்கு மட்டும் பிபிஎல் என்ற பகுதிப் பேரிட்டிப் பதிவும் உண்டு. ரைட்-இன்டென்ட் பிட்மேப் இதைத் தடுக்கும் என்று நினைப்பது தவறு. எந்தப் பகுதியை மறுபடி ஒத்திசைக்க வேண்டும் என்பதை மட்டுமே அது நினைவில் வைக்கும். ஒத்திசைவு முடியும் முன் டிஸ்க் போனால் ஓட்டை அப்படியேதான் இருக்கும். ஜெட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் தன் சொந்தப் பேரிட்டி முறையான ரெய்டு-இசட்டில் இருப்பதன் மேல் எழுதுவதே இல்லை, புதிய இடத்தில் முழு ஸ்ட்ரைப்பாக எழுதிவிட்டுச் சுட்டியை மாற்றுகிறது. எனவே இந்த ஓட்டை அங்கே கிடையாது. தரவு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் செக்சம் இருப்பதால் எந்தப் பிரதி கெட்டது என்பதும் அதற்குத் தெரியும். சாதாரண மிர்ரரில் இரண்டு பிரதிகள் வேறுபட்டால் எது சரி என்று சொல்ல வழியே இல்லை. விலையும் உண்டு: ஒரு பிளாக் எல்லா டிஸ்க்கிலும் பரவுவதால், ரேண்டம் படிப்பில் ஒரு ரெய்டு-இசட் குழு ஏறத்தாழ ஒரே டிஸ்க்கின் வேகத்தைத்தான் தரும். வர்ச்சுவல் மெஷின்களை அதில் ஏற்றிவிட்டு ஏன் இவ்வளவு மந்தம் என்று கேட்பவர்களுக்கு மிர்ரர் ஜோடிகளே பதில்.

எஸ்எஸ்டி வந்தபின்

சுழற்சிக் காத்திருப்பு இல்லாததால் நான்கு வேலை என்பது உறுத்தலாகத் தெரிவதில்லை. ரீபில்டும் மணிநேரங்களில் முடிந்துவிடும். எனவே சில எஸ்எஸ்டிகள் கொண்ட ரெய்டு 5 இன்றும் நியாயமான தேர்வு. ஆனால் ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் தரவு, பேரிட்டி என இரண்டு எழுத்து போவதால் தேய்மானம் இரட்டிக்கிறது, அதுவும் எல்லா டிஸ்க்கிலும் சமமாக. ஒரே நேரத்தில் வாங்கியவை ஒரே நேரத்தில் ஆயுள் முடியும் நிலைக்கு வரும். மீதி ஆயுள் சதவீதத்தைப் பார்த்து ஒன்றிரண்டை முன்கூட்டியே மாற்றி வரிசையைக் கலைத்துவிடுவது புத்திசாலித்தனம். மிக வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டித் தொகுப்பில் நெரிசல் டிஸ்க்கிலிருந்து சிபியுவுக்கு நகர்ந்துவிடுகிறது. எம்டி ரெய்டு 5, 6 இரண்டும் வழக்கமாக ஒரே த்ரெட்டில் ஸ்ட்ரைப்புகளைக் கையாளும்; குரூப் த்ரெட் எண்ணிக்கையை உயர்த்தாவிட்டால் ஒரு கோர் 100 சதவீதத்தில் திணற, டிஸ்க்குகள் சும்மா இருக்கும்.

தேர்வு என்று வந்தால்: டேட்டாபேஸுக்கும் வர்ச்சுவல் மெஷினுக்கும் சுழலும் டிஸ்க் என்றால் ரெய்டு 10, விவாதமே வேண்டாம். பெரிய கோப்பு, அதிகம் படிப்பு, அவ்வப்போது எழுத்து என்றால் ரெய்டு 6. பன்னிரண்டு பதினான்கு டிஸ்க்கைத் தாண்டினால் இரண்டு ரெய்டு 6 குழுக்களைச் சேர்த்து 60. இரண்டே டிஸ்க் என்றால் மிர்ரர். ஆனால் ஒரே கோப்பை ஒருவர் தொடர்ந்து படித்தால் மிர்ரர் இரட்டை வேகம் தராது. இரண்டு பேர் இரண்டு கோப்பைப் படித்தால்தான் தரும். எளிதில் மறுபடி உருவாக்கிவிடக்கூடிய தற்காலிகத் தரவுக்கு ரெய்டு 0.

கடைசியாக, டிஸ்க் மாற்றும் நேரம். தொகுப்பு சாவதில் கணிசமான பங்கு மனிதக் கையால் நடப்பது: செத்ததை விட்டுவிட்டு நல்லதை உருவிவிடுவது. டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் தரும் எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறும், அவற்றை நம்பக் கூடாது. தொகுப்பைக் கட்டும் நாளிலேயே ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் ட்ரேயின் முகப்பில் ஒட்டிவிட வேண்டும். டிஸ்க் இன்னும் முழுதாகச் சாகவில்லை, மோசமான செக்டர்கள் மட்டும் கூடிவருகின்றன என்றால் அதை உருவிவிட்டு ரீபில்ட் செய்யாமல், புதியதைக் கூடுதலாகச் செருகி எம்டி ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவியின் ரிப்ளேஸ் கட்டளையைக் கொடுக்கலாம். பழையதிலிருந்தே நேராகப் பிரதி எடுக்கும், படிக்க முடியாத இடத்துக்கு மட்டும் பேரிட்டியை நாடும், முடியும் வரை பாதுகாப்பு குறையாது. இரண்டு டிஸ்க் வெளியே விழுந்து ரெய்டு 5 எழ மறுத்தால் தொகுப்பைப் புதிதாகக் கட்டும் கிரியேட் கட்டளையைத் தொடவே கூடாது. டிஸ்க் வரிசையோ சங்க் அளவோ ஒன்று மாறினாலும், தொடர்ந்து ஓடும் ஒத்திசைவு நல்ல தரவின் மேல் குப்பையை எழுதிவிடும். முதலில் ஒவ்வொரு டிஸ்க்கையும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி மூலம் வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, கடைசியாக வெளியேறியது எது என்பதை ஒவ்வொரு டிஸ்க்கிலும் பதிவாகியுள்ள ஈவென்ட் எண்ணிக்கையைப் பார்த்து உறுதி செய்து, பிரதிகளை மட்டும் வைத்து அசெம்பிள் செய்து பார்க்க வேண்டும். அசல் டிஸ்க்குகள் அதுவரை கழற்றி எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.